எந்த விதி?

விபத்து நேர்ந்ததும் நம் நாட்டில் முதலில் புறப்படுவது மீட்பு வண்டியன்று. ‘விதி’ என்னும் சொல்! “தலைவிதி” என்பர் கோயில் வாயிலில் நிற்போர். “ஓட்டுநர் விதியை மீறினார்” என்பர் நாற்காலியில் அமர்ந்தோர். சொல்லும் ஒன்றே, அது செய்யும் வேலையும் ஒன்றே: காரணம் கேட்கும் வாயை அடைப்பது.

மலைக்கோட்டை உச்சியில் நின்றால், திருவரங்கத்திலிருந்து காவிரிப் பாலத்தின்மேல் ஊர்ந்துவரும் இரயில் தெரியும். அந்தப் பாதையில்தான், 1956 நவம்பர் 23 அன்று, அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். பொறுப்பு மேலிடத்தையும் சேரும் என்பதற்கு அது சான்று. வழக்கமாக அது வளரவில்லை என்பதே வருத்தம்.

2024 ஜூன் 17 அன்று மேற்கு வங்கத்தில் கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ்மீது சரக்கு வண்டி மோதிற்று. மாண்டோருள் சரக்கு வண்டியின் ஓட்டுநரும் ஒருவர். அன்றே பழி அவர்மீது விழுந்தது. மறுத்துரைக்க அவருக்கு வாயில்லையே! பின்னர் பாதுகாப்பு ஆணையரின் விசாரணை உரைத்தது என்ன? கைகாட்டிகள் பழுது. சிவப்பைத் தாண்ட அவருக்குத் தரப்பட்ட அனுமதிச் சீட்டே தவறானது. எவ்வளவு வேகத்தில் செல்வது என்று அதில் குறிக்கவுமில்லை. அன்று அத்தகைய சீட்டோடு சென்ற வண்டிகளுள் கஞ்சன்ஜங்கா ஒன்றே உரிய வேகத்தில் சென்றது. ஒரு மாணவன் கணக்கில் தவறினால் அவனைத் திருத்தலாம். வகுப்பே தவறினால், கரும்பலகையைத் திரும்பிப் பார்ப்பதன்றோ ஆசிரியர்க்கு அழகு?

“அப்படியாயின் தண்டனையே வேண்டாமா?” எனக் கேட்பீர். வேண்டும். குடித்துவிட்டு என்ஜினில் ஏறியவனுக்கு இரக்கம் காட்டுவது, அவனை நம்பிப் பின்னே உறங்கும் ஆயிரம் பேருக்கு இழைக்கும் துரோகம். ஆனால் அடுத்தடுத்த இரவுகளில் விழித்து, இமை தானாகச் சரிந்தவனை அவனோடு ஒரே கூண்டில் நிறுத்துவது நீதியா? உறக்கம் உடலின் தேவை. உத்தரவுக்கு அது அடங்காது. பணிநீக்கம் என்னும் அச்சம், விழித்திருப்பவனை எச்சரிக்கும், உறங்குபவனை எழுப்புமா?

2024 ஜூனில் தென்னக இரயில்வே ஓட்டுநர்கள் கேட்டது கூலி உயர்வன்று. தொடர்ந்து இரண்டு இரவுகளுக்குமேல் பணி வேண்டாம், வாரம் 46 மணிநேர ஓய்வு வேண்டும் என்பதே. அதற்காகக் கூடுதல் பணியை மறுத்தோர்மீதும் ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்தது! கண்ணயர்ந்தவனுக்கும் 1968-ஆம் ஆண்டின் ஒழுங்கு விதிகள். கண்ணயராதிருக்க ஓய்வு கேட்டவனுக்கும் அதே விதிகள்!

குற்றப்பத்திரிகை கொடுக்கட்டும். அதனோடு, அந்த ஓட்டுநரின் முந்தைய ஏழு நாள் பணிநேரப் பட்டியலையும் இணைக்கட்டும். அப்பட்டியலை வகுத்த அதிகாரியின் கையொப்பத்தோடு.