எந்த மூலத்துக்கு உண்மை?

1965ஆம் ஆண்டின் ஃபோர்டு மஸ்டாங் காரைப் பேணிவரும் அமெரிக்கர் பலருக்கு ஒரு தயக்கம் உண்டு: புகையை வெளியேற்றும் பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டையே வைத்துக்கொள்வதா, சிலிண்டருக்கொரு தனிக்குழாயுள்ள ஹெட்டரைப் பொருத்துவதா? வார்ப்பிரும்பு கனமானது, ஆயினும் ஓசை அடக்கி நெடுங்காலம் உழைக்கும். ஹெட்டர் உயர்வேகத்தில் வலுவைக் கூட்டும். அதன் மெல்லிய குழாயோ விரைவில் துருப்பிடிக்கும், இணைப்புகளில் புகை கசியும்.

மூலத்துக்கு உண்மையாயிரு என்பர் சிலர். எந்த மூலத்துக்கு? அதே 1965இல் கரோல் ஷெல்பியின் ஜி.டி.350 மஸ்டாங் ஹெட்டருடனேயே விற்பனைக்கு வந்ததன்றோ!

ஆகவே ஹெட்டரைப் பொருத்துவது பிழையன்று. போல்ட்டுகளைக் கழற்றினால் பழையபடி ஆக்கிவிடலாம். கழற்றிய வார்ப்பிரும்பை எடைக்குப் போடுவதே என்னை உறுத்துகிறது. அக்காரை நாளை வாங்குபவர் இன்னும் பிறவாதவராயிருக்கலாம். அவருக்குரிய தெரிவை நாம் பறிப்பானேன்? எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, கொட்டகை மூலையில் வைக்க எவ்வளவு இடம் வேண்டும்?