மூன்று நாள் பயணமும் மூவகை மூடமும்

சென்ற தை மாதத்தில் யாம் மேற்கொண்ட பயணம் ஒன்று எம் சுற்றத்தாரிடையே சிறு சலசலப்பை உண்டாக்கிற்று. பூண்டி மாதா பேராலயம், நாகூர் தர்கா, வேளாங்கண்ணி ஆகிய தலங்களுக்கு, வழிகாட்டி ஒருவருடன் வேனில் சென்றுவந்த மூன்று நாள் பயணம் அது. "நோன்பிருந்து நற்காட்சியைக் காத்துக்கொள்ள வேண்டிய வயதில், சித்தி, உங்களுக்கு அங்கெல்லாம் என்ன வேலை?" என்று வந்தவாசியிலிருந்து எம் தமக்கை மகன் தொலைபேசியில் கேட்டான். கேள்வி நியாயமானதே. அவனுக்கு அன்று சொல்ல இயலாத விடையை ஈண்டு எழுத முயல்கின்றோம்.

ஆசிரியர் பயிற்சி முடித்து, பணி நிமித்தம் எருமப்பட்டிக்கு வந்த யாம் இங்கேயே தங்கிவிட்டோம். இவ்வூரில் ஜினாலயம் இல்லை. வீட்டுப் பூசையறையே எமக்கு ஆலயம். எம்முடன் ஒரே பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றிய கிறித்தவ ஆசிரியை ஒருவர், தம் மகளின் உடல்நலம் வேண்டி வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டிருந்தார். முழங்கால் மூட்டுத் தேய்ந்தவர்; தனியே நடக்க இயலாதவர். "நீங்க கூட வந்தாத்தான் எனக்குத் தைரியம், அக்கா" என்றார். மறுக்க மனம் வரவில்லை.

புறப்படுமுன் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தையும், அதன் வழிவந்த தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பையும் மீண்டும் புரட்டிப் பார்த்தோம். நற்காட்சிக்கு மாசாவன மூவகை மூடம் என்பதை நம் பிள்ளைகளும் அறிவர். புண்ணியம் கருதி ஆற்றிலும் கடலிலும் நீராடுதல், மணலையும் கல்லையும் குவித்தல் முதலியன உலக மூடம். வரம் பெறும் ஆசையால், விருப்பு வெறுப்புடைய தெய்வங்களை வழிபடுதல் தேவ மூடம். போலித் துறவியரைப் போற்றுதல் பாசண்டி மூடம். இவற்றோடு சமந்தபத்திர ஆசாரியர் மற்றொன்றும் சொல்கின்றார். அச்சம், ஆசை, அன்பு, பேராசை ஆகிய நான்கனுள் எதன் பொருட்டும் நற்காட்சியுடையார் பிற தெய்வத்தைப் பணிதல் ஆகாது என்பது அது. அச்சத்தையும் ஆசையையும் விலக்கியது எளிதில் விளங்கும். அன்பையும் அப்பட்டியலில் ஏன் சேர்த்தார்? யாம் அப்பயணத்திற்கு இசைந்ததே அன்பின் பொருட்டு அன்றோ! இவ்வினாவைச் சுமந்துகொண்டுதான் வேனில் ஏறினோம்.

வழிகாட்டி நல்ல இளைஞர். ஒவ்வொரு தலத்திலும் ஒலிவாங்கியைக் கையில் எடுத்து, "எல்லாச் சாமியும் ஒண்ணுதானுங்க" என்று தொடங்குவார். கேட்போர் தலையசைப்பர். எமக்கு அது உவப்பாயில்லை. எம் தோழியார் அவ்வாறு நம்புகின்றவர் அல்லர். தாம் தொழும் மாதாவை மெய்யென்று நம்புகின்றவர். இறைவன் ஒருவனே என்னும் இசுலாமியரும் அவ்வாறு சொல்லார். படைத்தருளும் கடவுள் இல்லை, வினையே பயன் தரும் என்னும் நாமும் சொல்லுதற்கில்லை. நம்மவரிற் சிலர் அநேகாந்தத்தை இதனோடு ஒன்றாக்கிப் பேசுகின்றனர். அநேகாந்தம் எல்லாம் ஒன்று என்று சொல்லவில்லை. பிறர் எந்நிலையில் நின்று எதைக் காண்கின்றார் என்று பொறுமையோடு கேள் என்கின்றது. கேட்பதற்கு அருகிற் செல்ல வேண்டாவா? வீட்டிலிருந்தபடியே எல்லாம் ஒன்று என்பதும், எல்லாம் பொய் என்பதும் ஒருவகைச் சோம்பல் என்றே எமக்குத் தோன்றுகின்றது.

இரண்டாம் நாள் நாகூர். தர்காவின் ஐந்து மனோராக்களுள் உயர்ந்தது 131 அடி. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிங் எழுப்பியது. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த சாகுல் அமீது ஆண்டவரின் அடக்கத்தலம் அது. அன்று அங்கு நின்றவருள் பெரும்பாலோர் நெற்றியில் திருநீறும் குங்குமமும் அணிந்தவராகவே இருந்தனர். ஓரமாக நின்று பார்த்துவிட்டு வருவோம் என்று எண்ணியிருந்தோம். அவ்வேளை பெரியவர் ஒருவர் துஆ ஓதியபடி, வரிசையில் நின்றோர் தலையில் மயிற்பீலிக் கற்றையால் தடவிக்கொண்டே எம்மிடம் வந்தார். மயிற்பீலியைக் கண்டதும் எம் தலை தானே தாழ்ந்தது!

அன்பர்கள் இதனை உணர்வர். சிறுமியாய் இருந்த நாள் முதல், ஊருக்கு எழுந்தருளும் முனிவர்களின் முன் பணிந்து, பீலியால் ஆசி பெற்று வளர்ந்த தலை அது. அமரும் இடத்து எறும்பும் இறவாதபடி மெல்லத் துடைப்பதற்கென்று நம் முனிவர் ஏந்துவது பீலி. நாகூர்ப் பெரியவர் கையில் அது எப்பொருளில் வந்ததோ, எம் தலை தன் பழைய பாடத்தை ஒப்பித்தது. அன்றிரவெல்லாம் இதனை எண்ணினோம். அச்சத்தால் தாழ்ந்ததா? இல்லை. ஆசையாலா? இல்லை. அன்பாலும் அன்று, அவர் யாரென்றே அறியோம். நான்கனுள் ஒன்றுமில்லை எனின், அது பணிவு ஆகுமா, வெறும் பழக்கமா? வெறும் பழக்கம் எனின், நம் முனிவர் முன் இத்தனை ஆண்டும் பணிந்தது மட்டும் என்ன? அதுவே எம்மை உறுத்திற்று.

உணவைப் பற்றியும் கேட்பீர்கள். பொழுது சாய்ந்தபின் உண்ணாமை எம் நோன்பு. முதல் நாள் ஒருமுறை சொன்னதுதான். மறுநாள் முதல் ஓட்டுநரே, "ஏனுங்க டீச்சரம்மா, பொழுது எறங்கறதுக்குள்ள சாப்புட்டுருங்க" என்று வழியில் வண்டியை நிறுத்திவிடுவார். உடன் வந்தோர் எவரும் முணுமுணுக்கவில்லை.

நாகப்பட்டினத்தைக் கடக்கையில் வண்டி நிற்கவில்லை. முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை இறையிலியாக அளித்த சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளி அங்கிருந்தது. அதன் எச்சமாய் நின்ற செங்கற் கோபுரத்தையும் 1867இல் இடித்துவிட்டனர். நிறுத்திக் காட்டுதற்கு ஒன்றுமில்லை. அப்பொழுது எமக்கு ஆறுநாட்டார் மலை நினைவுக்கு வந்தது. நாமக்கல் தாண்டிக் காவிரியைக் கடந்தால் புகழூரை அடுத்துள்ள குன்று அது. சேர மரபினர் சமண முனிவர் செங்காயபனுக்குக் கற்படுக்கை வெட்டுவித்த செய்தி அங்கே கல்லில் உள்ளது. இன்று அக்குன்று முருகன் அடியார்க்குரியது. அவர்கள் அப்படுக்கைகளைக் கடந்தே ஏறி இறங்குகின்றனர். எழுத்துகள் இன்றும் இருக்கின்றன. அயலார் தலத்தின் முன் செருப்பைக் கழற்றுவோர் இருக்கும் வரையில்தான், எண்ணிக்கையிற் சுருங்கிய நம் போன்றோரின் தலங்கள் நிற்கும். எம் தமக்கை மகனுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுவே.

மூன்றாம் நாள் வேளாங்கண்ணி. 1962இல் பேராலயம் என்னும் தகுதி பெற்ற கோயில். உடன் வந்தோர் கடலில் நீராடினர். யாம் காலை மட்டும் நனைத்தோம். புண்ணியம் கருதியன்று, வெயில் தாளாமல். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை யாத்திரிகர் பலரைக் கொண்டுசென்ற கரை அது. வேண்டுதலோடு வந்தவர்கள்! அவரவர் வினை என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு நகர எமக்கு நா எழவில்லை. வினைக் கொள்கையில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் அது தன் துன்பத்தைத் தாங்குதற்கு நாம் கைக்கொள்ளும் அறிவு. பிறர் துன்பத்தின் மேல் எறியும் கல் அன்று.

மாதா குளத்திற்குச் செல்லும் மணற்பாதையில் பலர் முழந்தாளிட்டே நகர்ந்து கொண்டிருந்தனர். தோழியாரின் நேர்ச்சையும் அதுவே. ஒரு கையை எம் தோளில் ஊன்றி, நாலடி நகர்ந்து, நின்று, மீண்டும் நாலடி. மணல் சுட்டது. அவர் செபமாலை உருட்ட, யாம் மனத்துள் பஞ்ச மந்திரம் சொல்லிக்கொண்டு அருகே குனிந்தபடி நடந்தோம். தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு இருவரும் பணிந்து செல்வதாகவே தோன்றியிருக்கும். ஆசாரியர் விலக்கிய அன்பு இதுதானா என்று அங்கே எண்ணிப் பார்த்தோம். இல்லை. அன்பின் பொருட்டுத் தாம் நம்பாததை நம்புவதாக நடிப்பதையே அவர் விலக்கினார். தோள் கொடுத்தலை எந்நூல் விலக்கும்?

ஆயின் இத்துடன் நிறுத்தினால் யாம் பொய் சொன்னவராவோம். அப்பாதையை அடுத்து, மகப்பேறு வேண்டுவோர் மஞ்சள் கயிறும் சிறு தொட்டிலும் கட்டும் இடம் உண்டு. எம் பெயர்த்திக்கு மணமாகி ஏழாண்டு, குழந்தையில்லை. அங்கே நின்றோம். கயிறு விற்கும் பெண் ஒன்றை நீட்டினாள். வாங்கவில்லை. கட்டவில்லை. கைகளைச் சேலைத் தலைப்புக்குள் மடக்கிக்கொண்டு நின்றோம். ஆனால் உள்ளே ஒரு சொல் எழுந்துவிட்டது: "அவளுக்கும் ஒன்று."

தலை தாழ்ந்தது, மனம் எதையும் கேளாமல். தோள் குனிந்தது, பிறர் பொருட்டு. கைகட்டி நிமிர்ந்து நின்ற இடத்தில்தான் தேவ மூடம் நிகழ்ந்தது! வினை பரிணாமத்தின் வழியது என்று கற்ற நமக்கு இதில் தப்ப வழியில்லை. வேளாங்கண்ணி செய்த குற்றமும் அன்று அது. ஊருக்குச் செல்லும்போதெல்லாம் பதுமாவதி அம்மன் முன்னும், பொன்னூர்ச் சுவாலாமாலினி அம்மன் முன்னும் இதே சொல்லைச் சொல்லியிருக்கின்றோம். அப்போது எவரும் தொலைபேசியில் கடிந்ததில்லை. வரத்தாசையே மூடத்தின் வித்து எனின், அதை வேனில் ஏற்றிக்கொண்டு சென்றவர் யாமே. திரும்பியபின் ஒருநாள் உபவாசம் இருந்தோம். அச்சொல் போய்விட்டது என்று சொல்ல மாட்டோம்.

இப்போது தோழியார், பொன்னூர் மலையில் குந்தகுந்தர் திருவடிகளைக் காண வேண்டும் என்கின்றார். "அங்க என்ன வேண்டிக்கணும், அக்கா?" என்று கேட்டார். ஒன்றும் வேண்டக்கூடாது என்றோம். "ஒண்ணும் கேக்காம வர்றதுக்கா இந்த முட்டிய வெச்சுக்கிட்டு அத்தனை படி ஏறணும்?" என்று சிரித்தார். பங்குனி வெயில் ஏறுமுன் போவதாகப் பேச்சு.