புனைந்த வரலாறும் பெற்றவர் கடனும்

ஒருவர் புனைந்த உலகம் இன்னொருவர் கைக்கு வருமாயின், அதனைத் திருத்தும் உரிமை பெற்றவருக்கு உண்டா? இங்கிலாந்திலே ஜோன் ஏஹேர்ன் என்பவர் மாடர் பள்ளத்தாக்கு என்னும் மாதிரிப் புகையிரதப் பாதையை அமைத்தார். பள்ளத்தாக்கும் கற்பனை, அதில் ஓடிய புகையிரதக் கம்பனியும் கற்பனையே. 1961இல் அவர் மறைந்தபின் பெண்டன் நூதனசாலை அதனைப் பொறுப்பேற்றது. தேய்ந்த தண்டவாளத்தைப் புதுக்குவது பராமரிப்பு. ஊரின் பெயரை மாற்றுவதோ வேறு வகையைச் சாரும். ஒப்புநோக்கித் திருத்த வெளியே ஓர் உண்மை அங்கில்லை. ஆக்கியோன் சொல்லே சான்று. ஆதலின் பெற்றவர் புனைவுக்கே கட்டுப்பட்டவராகிறார்.

ஆனால் கைமாறி வரும் கற்பனை, மனிதர் வாழும் மண்ணின்மேற் படிந்திருப்பின் இவ்விதி செல்லுமா? மன்னாரின் தென்கரையில் இவ்வினா வெறும் தர்க்கமன்று. முத்துக்குளிப்பை மேற்பார்வையிடத் தேசாதிபதி பிரெட்றிக் நோர்த் 1801 முதல் 1804 வரை அரிப்பில் எழுப்பிய மாளிகை, இன்று இடிபாடாய் நின்று அல்லிராணி கோட்டை என வழங்குகின்றது. தெற்கே குதிரைமலையும் அவ்வரசியின் கதையிலே திளைப்பது. மக்கள் மரபாய்ப் பெற்ற இக்கதையைப் பழித்தல் அறியாமை. எனினும் அதனை ஆவணமாகக் கொள்ளுதல் தவறு. (மூச்சடக்கி முத்தெடுத்தவன் பெயர் அக்கட்டடத்துக்கு வாய்க்காமற் போனது தனிக்கதை.)

இவ்விரண்டுக்கும் இடையே கிடப்பது மறிச்சுக்கட்டி. 1990இல் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது இவ்வூரும் வெறுமையாயிற்று. 2009இல் போர் ஓய்ந்தபின் மீண்டோரை வரவேற்றது காடு. காணியைத் துப்புரவாக்கியோர் வில்பத்துவை அழிப்போர் எனத் தெற்கிலே குற்றஞ்சாட்டப்பட்டனர். 2017இல் மாவில்லுப் பேணற்காடு வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, தம் காணிகளும் அதனுள் அடங்கின என அவர்கள் முறையிட்டனர். காட்டைக் காத்தல் நற்செயலே. அங்கு வெட்டப்பட்டது எவ்வளவு, யாரால் என ஆராய்தலும் வேண்டும். ஆயினும் இருபதாண்டு மரங்களைக் காட்டி, அவற்றுக்கு முன்னிருந்த ஊரைக் கற்பனையாக்குதல் எவ்வகை ஆராய்ச்சி? மாடர் பள்ளத்தாக்கில் இல்லாத ஊரைப் பேணினர். இங்கோ இருந்த ஊர் தன்னை மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று.

அல்லிராணியிடம் கோட்டைக்கு உறுதி கேட்டவர் எவருமிலர். மறிச்சுக்கட்டியாரிடம் கேட்கின்றனர். உடுத்த உடையோடு போனவர் வீட்டுப் பெட்டியிலே உறுதி கிடந்தது; பெட்டியும் இல்லை, வீடும் இல்லை.