பார்ப்போர் இல்லாப் பாதையிலே

பள்ளித் திடலைக் காலடியால் அளந்து வருமாறு மாணவர்களை அனுப்பினேன். ஒருவன் மட்டும் புளியமர நிழலில் அமர்ந்து, நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று எழுதிவந்தான். அவன் எழுதிய அளவுக்குள் பள்ளிக் கட்டடமே அடங்காது! ஏனப்பா என்றேன். அவன் அஞ்சவில்லை, கேள்வி கேட்டான்.

"யார் பார்க்கப் போகிறார்கள், ஐயா?"

பிரம்பால் அடக்கிவிடக்கூடிய கேள்வியா இது? பிரம்பு அகன்றதும் கேள்வி மீண்டும் தலைதூக்கும். மேலே ஒருவன் பார்க்கிறான் என்று மிரட்டலாம். மிரட்டல் மறந்த நாளில் ஒழுக்கமும் மறையும். அச்சம் ஈன்ற நேர்மை, அச்சம் இருக்கும்வரைதான் இருக்கும். காண்பார் எவரும் இல்லாத இடத்தில் மனிதன் ஏன் நேர்மையாய் நடக்க வேண்டும்? இதுவே கேள்வி.

தோழர்களே! என்னைப் போன்ற ஒரு பள்ளி ஆசிரியரின் வாழ்விலே இதற்கு விடை தேடினேன். இமயத்தின் மடியில், குமாவோன் பகுதியிலுள்ள மிலம் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர் அவர். பெயர் நயின் சிங் ராவத். வெள்ளையர் ஆட்சியின் நில அளவைத் துறை அவரை டேராடூனுக்கு அழைத்து நடக்கக் கற்றுக்கொடுத்தது. ஆம், நடக்க! மேடானாலும் பள்ளமானாலும், பனியானாலும் பாறையானாலும், ஒவ்வோர் அடியும் ஒரே நீளமாக விழ வேண்டும். அதுதான் பயிற்சி.

அந்நாளில் திபெத்தின் வாயில் அயலாருக்கு அடைபட்டிருந்தது. சங்கிலி பிடித்து அளக்க வழியில்லை. கால்களே சங்கிலி, கையிலிருந்த மணிமாலையே கணக்கேடு! வழக்கமான மாலையில் 108 மணிகள், அவருடையதில் 100. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளுவார். மாலை ஒரு சுற்று வந்தால் 10,000 அடி, ஏறத்தாழ ஐந்து மைல். வழிபாட்டு உருளைக்குள்ளே மந்திரத்தாளுக்குப் பதில் குறிப்புத்தாள். கொதிநீரின் வெப்பத்தை அளந்து ஊரின் உயரத்தைக் கணித்தார். 1865-ஆம் ஆண்டு புறப்பட்டவர், 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். ஏறத்தாழ 1,200 மைல் நடை. 24 லட்சம் காலடி!

எண்ணிப் பாருங்கள். ஒரு நாள் கால் கடுத்திருக்கும். ஒரு நாள் காய்ச்சல் வாட்டியிருக்கும். எண்ணாமல் நடந்துவிட்டு இரவிலே ஓர் எண்ணை எழுதியிருந்தால் கேட்பார் யார்? உடன்வந்து சரிபார்க்க ஓர் அதிகாரி உண்டா? எவருமில்லை. ஆயினும் எண்ணினார்.

இவரினும் எளியவர் சிக்கிமைச் சேர்ந்த கிந்தூப். எழுதப் படிக்கத் தெரியாதவர். திபெத்திலே ஓடும் சாங்போதான் அசாமிலே பிரம்மபுத்திராவாக இறங்குகிறதா என்று கண்டறிய, 1880-ஆம் ஆண்டு ஒரு லாமாவுக்குத் துணையாக அனுப்பப்பட்டார். அந்த லாமாவோ அவரை அடிமையாக விற்றுவிட்டு அகன்றான். தப்பினார் கிந்தூப். தப்பியவர் வீடு திரும்பினாரா? இல்லை! பணியைத் தொடர்ந்தார். துரத்தி வந்தவர்களிடமிருந்து மீட்க மடத்துத் தலைவர் ஒருவர் விலை கொடுத்தார். அந்த மடத்திலே ஊழியம் செய்தார். இடையே விடுப்புப் பெற்று 500 மரக்கட்டைகளை வெட்டி அடையாளமிட்டு ஒளித்துவைத்தார். கட்டைகளை ஆற்றில் விடும் நாட்களைக் குறித்து, பிறர் கையால் மடல் எழுதுவித்து அனுப்பினார். குறித்த நாள் வந்தது. நாளுக்கு 50 வீதம் பத்து நாள் ஆற்றிலே விட்டார்.

கீழே அசாமில் காத்திருந்தவர் எவர்? ஒருவருமில்லை! மடல் உரிய காலத்தில் சேரவில்லை. அனுப்பிய அதிகாரியும் நோயுற்று நாடு நீங்கியிருந்தார். ஐந்நூறு கட்டைகளும் காண்பாரின்றிக் கடல் நோக்கிப் போயின. 1884-இல் திரும்பிய கிந்தூப்பின் சொல்லை ஐயுற்றோர் பலர்.

வீணான உழைப்பா அது? 1913-ஆம் ஆண்டு பெய்லி, மோர்ஸ்ஹெட் என்னும் இருவர் அதே பள்ளத்தாக்கில் நடந்தனர். எழுத்தறியாதவர் நினைவிலிருந்து சொன்ன வழி பெரிதும் சரியாயிருக்கக் கண்டனர். பெய்லி அவருக்காக ஓய்வூதியம் கேட்டார். அரசு ஒரே முறை 1,000 ரூபாய் தந்து கணக்கை முடித்துக்கொண்டது.

விடை இங்கேதான் இருக்கிறது. பார்ப்பவன் இல்லை என்பது மெய். ஆனால் பின்னே வருபவன் இருக்கிறான்! பொய்யான எண்ணை நம்பி அவன் காலை வைப்பான், பள்ளத்தில் வீழ்வான். நேர்மை, கண்காணிக்கும் கண்ணுக்குச் செலுத்தும் வரியன்று. காணாத மனிதனுக்குச் செய்யும் கடமை.

ஆயினும் ஒரு முள் என் நெஞ்சிலே தைக்கிறது. எண்ணிலே பொய் சொல்லாத நயின் சிங், பெயரிலும் வேடத்திலும் பொய் பூண்டார். தமக்கு இடமளித்த மக்களை ஏமாற்றித்தான் உண்மையைச் சேர்த்தார். பின்னே வந்தவரும் பெய்லி போன்ற ஆய்வாளர் மட்டுமல்லர். 1904-இல் துப்பாக்கி ஏந்திய பிரிட்டிஷ் படை லாசாவில் புகுந்தது. திபெத்தைப் பற்றி வெள்ளையர் பெற்ற நிலப்பட அறிவுக்கு அடித்தளமிட்டவை இத்தகையோரின் காலடிகளே. பிழையற்ற அளவு பிழையான கைக்குப் போனால், அளந்தவனுக்கு அதில் பங்கில்லையா? உண்டு என்றே என் மனம் சொல்கிறது. ஆகவே எண்ணிலே நேர்மை மட்டும் போதாது. இந்தப் படத்தை விரித்து வரப்போகிறவன் யார் என்றும் கேட்டாக வேண்டும். எஜமானன் கேட்டான், நான் அளந்தேன் என்பது பாதி நேர்மை.

அன்றிரவு என் மேசையிலே விடைத்தாள்கள் குவிந்திருந்தன. கண்கள் சோர்ந்தன. கடைசிப் பத்துத் தாள்களைப் படிக்காமலே மதிப்பெண் இட்டால் யாருக்குத் தெரியும்? "யார் பார்க்கப் போகிறார்கள், ஐயா?" என்று என் உள்ளத்திலிருந்தே ஒரு குரல்! புளியமர நிழலில் அமர்ந்திருந்தவன் அவன் மட்டுமா? நானுந்தான்.

விளக்கைத் தூண்டினேன். பத்துத் தாளையும் வரிவரியாகப் படித்தேன். மறுநாள் அந்த மாணவனை அழைத்துக்கொண்டு திடலுக்குப் போனேன். அவன் நடந்தான், நான் எண்ணினேன். பிறகு நான் நடந்தேன், அவன் எண்ணினான்.