விடுதியும் விருந்தும்

தமிழ் அறநூல்கள் விருந்தோம்புவானைப் பற்றிப் பேசிய அளவுக்கு விருந்தினனைப் பற்றிப் பேசவில்லை. வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். மோந்தால் வாடும் அனிச்ச மலரினும் மெல்லியவனாக விருந்தினன் அங்கே காட்டப்படுகின்றான். அவன் முகம் வாடாது காத்தல் வீட்டுக்குரியவன் கடன். அவ்வாறு காக்கப்படுபவனுக்கும் கடன் ஏதேனும் உண்டா என்ற வினா அவ்வதிகாரத்தில் எழவில்லை. செய்ந்நன்றியறிதல் வேறோர் அதிகாரத்திற் கூறப்பட்டுள்ளதே எனலாம். ஆயின் நன்றி, பெற்றபின் தோன்றுவது. பிறர் ஊரின் வாசலில் வந்து நிற்கும்போதே ஒருவனுக்குரிய ஒழுக்கம் யாது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

இவ்வினா ஏட்டோடு நிற்பதன்று. கொழும்பு கோட்டையிற் புகையிரதம் ஏறி, மாகோ, கல்லோயா, பொலன்னறுவை, வாழைச்சேனை, ஏறாவூர் ஆகியவற்றைக் கடந்து மட்டக்களப்பு நிலையத்தில் இறங்கும் பயணி ஒருவனைக் கருதலாம். முச்சக்கரவண்டி அவனைப் பாலத்தின் மேலாகப் புளியந்தீவுக்குக் கொண்டு சேர்க்கின்றது. விடுதி மேசையில் அவன் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் பதிவேட்டில் ஏறுகின்றன. திறப்பு கைக்கு வருகின்றது. காலையுணவு முடிந்ததும் அவன் கேட்கும் முதற்கேள்வி, அண்மையிற் பார்ப்பதற்கு என்ன உண்டு என்பது. ஒல்லாந்தர் கோட்டை, காந்தி பூங்காவில் உள்ள பழைய வாயில், கல்லடிப் பாலம், மாமாங்கேசுவரர் ஆலயம், பாலமீன்மடு வெளிச்சவீடு என விடை வருகின்றது. ஒருநாட் பொழுதில் இவையனைத்தையும் பார்த்து முடித்துவிடலாம். இலங்கையின் அரசாங்கத் தமிழ் இவனை நெடுங்காலமாக 'உல்லாசப் பயணி' என்று அழைத்துவந்துள்ளது. உல்லாசம் என்ற சொல்லிற் கடமை எதுவும் தொனிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

விடுதியைப் பழிப்பது எளிது. அன்பினால் உணவிடுதல் உயர்வு, பணத்துக்கு உணவிடுதல் இழிவு என்று மேடைகளில் அடிக்கடி முழங்கப்படுகின்றது. பெரியபுராணத்து இளையான்குடி மாறனார் வரலாற்றை இவ்விடத்து எண்ணிப்பார்த்தல் தகும். மழை பொழியும் இரவில் அடியார் ஒருவர் வருகின்றார். வீட்டில் உணவுப்பொருள் எதுவுமில்லை. பகலில் விதைத்த நெல்லை வயலிலிருந்து வாரிவந்து, கூரையின் மரத்தை விறகாக்கி அமுது ஆக்கப்படுகின்றது. விதைநெல்லை வாரலாம் என வழிகூறியவரும், அதனைக் குற்றிச் சமைத்தவரும் மனைவியார். நாயன்மார் வரிசையில் இடம்பெற்றவரோ கணவர். விருந்தோம்பலின் புகழ் ஒருவருக்கும் அடுப்பின் வெம்மை இன்னொருவருக்கும் உரியதாயிருந்த வீடுகள் புராணத்தோடு முடிந்துவிடவில்லை. விடுதியிற் சமைப்பவனுக்குச் சம்பளம் உண்டு, வேலைநேரம் உண்டு. பொருந்தாவிடின் வேறிடம் செல்லும் உரிமையும் உண்டு. இவ்வகையில் விடுதிக் கட்டணம் அறத்தின் தேய்வன்று, வளர்ச்சி என்றே கொள்ளவேண்டும்.

ஆயினும் அக்கட்டணம் எதற்குக் கொடுக்கப்படுகின்றது? கட்டிலுக்கும் மின்விசிறிக்கும் காலையில் வைக்கப்படும் இடியப்பத்துக்கும் சொதிக்கும். சாளரத்துக்கு வெளியே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி விடுதிக்குச் சொந்தமானதன்று. (வாவி தெரியும் அறைக்குக் கூடுதற் கட்டணம் அறவிடுவோர் உளர். அக்காசு வாவியில் வலைவீசுவோனைச் சென்றடைவதில்லை.) கோட்டையும் கோயிலும் பாலமும் அவ்வாறே. அவற்றை அவன் விலைகொடாமலே பெறுகின்றான். எனவே விடுதிக்குள் வாடிக்கையாளனாக இருப்பவன், அதன் படியை விட்டு இறங்கியதும் தன்னையறியாமலே விருந்தினனாகி விடுகின்றான். அவனுக்கு விருந்திடுவது ஓர் ஊர். அவ்வூர் அவனை அழைக்கவுமில்லை, வேண்டாமென்று கூறவுமில்லை.

இந்நிலையிலுள்ள மனிதனின் உரிமையைத் தெளிவாக வரையறுத்தவர் இம்மானுவேல் கான்ற். 1795 இல் வெளியான 'நிரந்தர சமாதானம்' பற்றிய நூலில், வருகைதரும் உரிமையையும் விருந்தினனாயிருக்கும் உரிமையையும் அவர் வேறுபடுத்தினார். பூமி உருண்டையானது, மனிதர் ஒருவரைவிட்டு ஒருவர் எல்லையின்றி விலகிச் செல்ல இயலாது, எனவே அமைதியாக வருபவன் எவனும் பகைவனாக நடத்தப்படலாகாது. ஆனால் வீட்டிலிருத்தி உணவிடுமாறு கேட்கும் உரிமை அவனுக்கில்லை. அதற்குத் தனி உடன்பாடு வேண்டும். ஐரோப்பிய வணிக நாடுகளுக்குப் பிறர் நாட்டுக்கு வருவதென்பதும் அதனைக் கைப்பற்றுவதென்பதும் ஒன்றாகவே இருந்தன என்று அவர் அங்கேயே கடிந்து எழுதினார். ஒல்லாந்தரை மட்டும் அனுமதித்து, அவர்களையும் மக்களோடு கலவாமல் ஒதுக்கிவைத்த யப்பானின் செயலை விவேகமெனப் போற்றினார்.

யப்பானுக்கு இருந்த வாய்ப்பு மட்டக்களப்புக்கு இருக்கவில்லை. பயணி முதலிற் சென்று பார்க்கும் கோட்டை இதற்குச் சான்று. இரு புறம் வாவியும் இரு புறம் அகழியும் சூழ நிற்கும் அதனை 1628 இல் போர்த்துக்கேயர் எழுப்பினர். அதற்கு முன்னரே ஒல்லாந்தர் இக்கரைக்கு வந்துவிட்டனர். 1602 இல் ஸ்பில்பேர்கன் கண்டியரசனைக் காண இவ்வழியே சென்றான். அவனுக்குப் பின் வந்த செபால்ட் டி வீர்ட்டின் மாலுமிகள் மட்டக்களப்பில் மாடுகளைக் கொன்றனர். மாட்டிறைச்சியை விலைக்கு வாங்கி உண்டு பழகிய அவர்க்கு அது வெறும் உணவு. கரையிலிருந்தோர்க்கு அது பொறுக்கவொண்ணாக் கொடுமை. 1603 இல் அரசனுடன் ஏற்பட்ட பிணக்கில் டி வீர்ட் தன் ஆட்களுடன் கொல்லப்பட்டான். அம்முடிவுக்கு வேறு காரணங்களும் இருந்தன. எனினும் தன் வழக்கத்தை உலக வழக்காகக் கருதிய விருந்தினனுக்கு அவன் நல்ல எடுத்துக்காட்டு. 1638 மே மாதத்தில் வெஸ்ரர்வோல்ட் இரண்டாம் இராசசிங்கனின் துணைவனாக வந்து கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தான். அப்போது செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி போர்ச் செலவு அரசனுடையது. பின்னர்ப் பிடிபட்ட காலி முதலிய கோட்டைகளை ஒல்லாந்தர் விட்டுப் போகாமைக்கு அச்செலவுக் கணக்கே காரணமாகக் காட்டப்பட்டது. விருந்துக்கு வந்தவன் வீட்டுக்காரனிடமே கணக்கு நீட்டிய கதை இது.

இந்நூற்றாண்டின் பயணி கோட்டை கட்டுவதில்லை, உண்மையே. எனினும் 2009 இற்குப் பின் வடக்கே பாசிக்குடாவில் விடுதிகள் நிரையாக எழுந்தபோது, தோணியும் வலையும் கிடந்த கரை சுருங்கிற்று என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

இனி, மட்டக்களப்பு விருந்தினரை எவ்வாறு நோக்கியது என்பதைக் காணல் வேண்டும். இதற்கு இரு கூற்றுகள் வழங்குகின்றன. 'வந்தாரை வாழவைக்கும் மட்டக்களப்பு' என்பது அம்மண் தன்னைப் பற்றிக் கூறிக்கொள்வது. மட்டக்களப்புக்குப் போனவனைப் பாயோடு ஒட்டிவிடுவார்கள் என்பது வெளியூரார், சிறப்பாக யாழ்ப்பாணத்தார், பரிகாசமாகக் கூறுவது. உத்தியோகத்துக்கும் வாணிபத்துக்கும் சென்றோர் பலர் அங்கேயே மணமுடித்துத் தங்கிவிட்டனர். அதற்கு அவ்வூரின் மந்திரமே காரணம் என ஊரிலிருந்த உறவினர் முடிவு கட்டினர். கிழக்கின் பன்பாய் புகழ்பெற்றது, அதுவே மாயப்பொருளாயிற்று.

நகைப்புக்குரியதாயினும் இக்கூற்று ஆழ்ந்து நோக்கத்தக்கது. மட்டக்களப்பில், தமிழரிடையேயும் முசுலிம்களிடையேயும், குடி என்பது தாய்வழி வருவது. வீடு பெண்ணுக்குரியது, மணமகன் மனைவியின் வீட்டுக்கு வருகின்றான், பிள்ளைகள் தாயின் குடியைச் சார்வர். அவன் தன் தாயின் குடிக்கே உரியவனாய் இறுதிவரை இருப்பான். அதாவது அங்கே மணமான ஆண் ஒவ்வொருவனும் ஒருவகையில் வாழ்நாள் விருந்தினன். அயலூரிலிருந்து வந்தவனுக்கும் அடுத்த தெருவிலிருந்து வந்தவனுக்கும் இதில் அடிப்படை வேறுபாடு இல்லை. இத்தகைய ஒரு சமூகத்துக்கு வந்தவனை உள்வாங்கும் முறை முன்னமே தெரியும். தந்தைவழிப் பெருமையிற் பழகிய கண்ணுக்கோ, ஓர் ஆண்மகன் மனைவியின் வீட்டில் விரும்பித் தங்குவது மந்திரமின்றி நிகழக்கூடியதாகத் தோன்றவில்லை.

இப்பரிகாசத்தின் அறப்பிழையும் இங்கேதான் உள்ளது. ஒருவர் தந்ததைக் கொடை என ஏற்றுக்கொண்டால் பெற்றவன் கடன்படுகின்றான். அதையே சூனியம் என்று கூறிவிட்டால் கடன் இல்லை; மாறாகக் கொடுத்தவரே குற்றவாளியாகின்றார். அம்மண்ணின் சோற்றை உண்டு, அம்மண்ணின் பெண்களை மாயக்காரிகள் என்று பேசியோர் செய்தது இதுவே. விடுதியில் நட்பாகப் பேசிய பணியாளனைப் பார்த்து, காசுக்காகப் பேசுகின்றான் என்று எண்ணும் பயணியும் இதனையே சிறிய அளவிற் செய்கின்றான்.

கடன் உண்டெனின் அதனை எவ்வாறு தீர்ப்பது என்ற வினா எழும். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்வோருக்கு இத்தொல்லை இல்லை. வடக்கிலிருந்து கடலோரமாக நடந்துவரும் அவர்களுக்கு மட்டக்களப்பு ஊர்கள் அன்னமும் தாகசாந்தியும் வழங்குகின்றன. கொடுப்பவரும் பெறுபவரும் முருகனை முன்னிட்டே அதனைச் செய்வதால் கணக்கு அவனிடம் போய்விடுகின்றது. உல்லாசப் பயணிக்கு அவ்வாறான இடைநிலைத் தெய்வம் இல்லை. அவன் கொடுக்கக்கூடியது ஒன்று உண்டு: தான் எங்கே நிற்கின்றான் என்பதை அறிந்துகொள்ளுதல்.

நகரிலிருந்து வடக்கே பாசிக்குடாவுக்குச் செல்லும் வீதி வந்தாறுமூலையைக் கடக்கின்றது. கிழக்குப் பல்கலைக்கழகம் அங்குள்ளது. 1990 இல் அவ்வளாகம் ஆயிரக்கணக்கானோருக்கு அகதிமுகாமாயிற்று. அவர்களுள் 158 பேர் அவ்வாண்டு செப்டெம்பர் 5 ஆம் நாள் இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் மீளவில்லை. தஞ்சம் கொடுக்க மனமிருந்தும் காக்க வலியில்லாத ஓம்புவானின் நிலை எத்தகையது என்பதை அறநூல்கள் கூறவில்லை; பல்கலைக்கழகத்தாராவது அதனைச் சிந்திக்கக் கடமைப்பட்டவர். பயணக் கையேடுகளில் 'காணத்தக்க இடங்கள்' என்ற தலைப்பின்கீழ் இவ்வளாகம் வருவதில்லை.

தெற்கே கல்லடிப் பாலத்தைத் தாண்டிச் சில கிலோமீற்றரிற் காத்தான்குடி. 1990 ஓகஸ்ட் 3 ஆம் நாள் இரவு அங்கே இரு பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக்கொன்றனர். மீரா ஜும்ஆப் பள்ளிவாசலின் சுவரில் சன்னத் துளைகள் மூடப்படாமற் பேணப்பட்டுள்ளன.

இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது விருந்தினன் ஒழுக்கத்தின் ஒரு கூறு தெளிவாகின்றது. காத்தான்குடியார் சுவரைத் திறந்துவைத்திருக்கின்றனர். காட்டப்படுவதைக் காணாது, கடைத்தெருவில் அல்வா மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புதல் அவமதிப்பு. வந்தாறுமூலையில் அத்தகைய சுவர் வழிப்போக்கனின் கண்ணிற் படுவதில்லை. அங்கே இறங்கி, எவரை எங்கிருந்து கொண்டுபோனார்கள் என்று எதிர்ப்பட்டவரை வினவிப் படம் எடுத்தலும் அவமதிப்பே. அறிந்து கடந்துசெல்லுதல் அங்கே போதுமானது. துயரிடங்கள் அனைத்தையும் பார்த்தே ஆகவேண்டும் என்போரும், மகிழ வந்தவனுக்கு அவை எதற்கு என்போரும் ஒரே தவறைச் செய்கின்றனர். இருவரும் தீர்மானத்தைப் பயணியின் கையிற் கொடுக்கின்றனர். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பது ஊரின் உரிமை.

கேட்கும் உரிமையும் ஊருக்கே முதலில் உரியது. ஓமரின் 'ஒடிசி'யில் கரையொதுங்கிய ஒடிசியசுக்குப் பயேசியர் முதலில் உணவளிக்கின்றனர். பெயரைப் பின்னரே கேட்கின்றனர். அவ்வழகிய வழக்கம் இன்று இயலுமா என்பது ஐயம். 2019 ஏப்ரல் 21 ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தின் முற்றத்தில், அறியாத ஒருவன் பையுடன் நின்றான். அங்கிருந்தோர் அவனை யாரென வினவினர். அவன் வெடித்தபோது முற்றத்திலிருந்த குழந்தைகள் உட்படப் பலர் மாண்டனர். அன்றே கொழும்பு ஆடம்பர விடுதிகளில் வெடித்தவர்களில் ஒருவன் முதல்நாள் பொய்ப்பெயரில் அறை எடுத்து, காலையுணவு வரிசையில் நின்றவன். விடுதிகளுக்குப் பதிவேட்டிற் பெயர் இருந்தாற் போதும். ஊருக்கு அது போதாது.

யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருபவன், தேநீர்க் கடையில் "தம்பி, எந்த ஊர்? இஞ்ச ஆரிட்ட வந்த நீங்க?" என்று கேட்கப்படும்போது முகஞ்சுளிப்பதுண்டு. அக்கேள்வியைக் கேட்பவர், முப்பதாண்டுக் காலம் தம் சொந்தத் தெருவிலேயே சாவடி தோறும் அடையாள அட்டையை நீட்டி, எங்கே போகின்றாய், ஏன் போகின்றாய் என்ற வினாக்களுக்கு விடைசொல்லி வந்தவர். இன்று அவர் கேட்கின்றார், வந்தவன் சொல்லவேண்டும். விருந்தினனுக்குரிய கடன்களுள் இதனினும் எளியது இருக்க இயலாது.

எஞ்சியது வாவியின் ஒலி. மட்டக்களப்புக்கு 'மீன்பாடும் தேன்நாடு' என்ற பெயரைத் தந்தது அதுவே. குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற் 1848 இல் இங்கு வந்து, நிலவிரவில் வள்ளத்திற் சென்று அதனைக் கேட்டார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தாற்போன்ற ஒலி என 1859 இல் வெளிவந்த நூலில் எழுதினார். மீனவர் அவரிடம் அது ஊரியின் ஒலி என்றனர். மீனோ ஊரியோ, கல்லடிப் பாலத்தருகே பறுவ நாட்களில் வள்ளத்தை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, தண்டின் ஒரு நுனியை நீரிலும் மறுநுனியைக் காதிலும் வைத்துக் கேட்பது வழக்கம். பாலத்தின் மேல் வாகனங்கள் ஓயும்வரை காத்திருக்கவும் வேண்டும். அமாவாசையை அண்டி இரண்டு நாளைக்கு அறை எடுத்து வந்தவன் எவ்வளவு காசு நீட்டினாலும் பயனில்லை. வள்ளக்காரர் அவனை அடுத்த பறுவத்துக்கு வரச்சொல்லுவார்.