இரவு கேட்கும் பூ

சென்ற ஆண்டு எங்கள் வீட்டுச் சாமந்தி மொட்டே வைக்கவில்லை. ஐப்பசி போயிற்று, கார்த்திகை தீபமும் நெருங்கியது. இலை மட்டும் தளதளவென்று வளர்ந்துகொண்டிருந்தது. எரு வைத்தேன், இலையைத் திருப்பித் திருப்பிப் பூச்சி தேடினேன், ஒன்றும் புலப்படவில்லை. தொட்டி இருந்தது தறிக்கூடத்து ஜன்னலுக்கு வெளியே. தீபாவளிக்கும் அதன் பின்வரும் முகூர்த்தங்களுக்கும் ஆரணியில் பல வீடுகளில் தறிச்சத்தம் ஓய நள்ளிரவு ஆகிவிடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஜன்னல் வழியே டியூப் லைட் வெளிச்சம் செடிமேல் கொட்டிக்கொண்டே இருந்தது. செடிக்கு வெளிச்சம் நல்லதுதானே என்று இருந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு ஆயா எண்பதைத் தாண்டியவர். இன்றைக்கும் உட்கார்ந்த இடத்தில் தார் சுற்றித் தருகிறவர். ஒருநாள் சாயங்காலம் தொட்டியையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அது ராவு பாத்துப் பூக்கிற பூ கண்ணு. நீ அதுக்கு ராவே குடுக்கலியே."

அன்றைக்கே தொட்டியைத் தூக்கிப் போய்ப் பின்கட்டில், கிணற்றடிக்கு அப்பால், விளக்கு எட்டாத மூலையில் வைத்தேன். பகலில் அங்கும் நல்ல வெயில் உண்டு.

ஆயா கண்ணால் கண்டு சொன்னதை ஆராய்ச்சிக்காரர்கள் படிப்படியாகத்தான் வந்தடைந்தார்கள். அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இருவர் 1920இல், பகல் நீள்வதும் குறுகுவதும் அறிந்தே பல செடிகள் பூக்கின்றன என்று எழுதினார்கள். கோடை முழுக்கப் பூக்காமல் ஆளை மிஞ்சி வளர்ந்த ஒரு புகையிலை ரகம் அவர்களை அந்தப் பக்கம் திருப்பியது. 1938இல் ஹேம்னர், பானர் என்ற இருவர், நம் தரிசுகளிலும் முளைக்கிற மருளூமத்தையை வைத்துச் சோதித்தபோது இன்னொன்று தெளிவாயிற்று. அந்தச் செடி கணக்கு வைப்பது இரவுக்கு. நீண்ட இரவின் நடுவே கொஞ்ச நேரம் விளக்கைக் காட்டினால் போதும், இரவு இரண்டாக உடைந்துபோகிறது, செடி பூப்பதில்லை. சாமந்தியும் இந்த வகைதான். பூ தள்ளிப்போக வேண்டுமென்றால் நடு இரவில் விளக்குப் போடுவதும், முந்தி வேண்டுமென்றால் கறுப்புத் துணியால் மூடுவதும் சாமந்தியை வணிகமாக வளர்ப்பவர்கள் கையாளும் வழிகள்.

ஆரணியில் ஆனி மாதப் பகல் ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம். மார்கழிப் பகல் 11 மணி 20 நிமிடத்தை ஒட்டி இருக்கும். ஆண்டு முழுவதற்கும் சேர்த்து வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். 'பொழுது சீக்கிரம் போயிடுது' என்று ஒரு வார்த்தை சொல்வதோடு நமக்கு அது முடிந்தது. சாமந்தி அந்த ஒன்றரை மணி நேரத்தை இலை இலையாக எண்ணிக்கொண்டு நிற்கிறது.

டொரண்டோவில் இருக்கும் என் தங்கை அக்டோபர் கடைசியில் வாசற்படியில் வைத்த சாமந்தியைப் படம் எடுத்து அனுப்புவாள். "மரமெல்லாம் மொட்டையா நிக்குதுண்ணா. காலையில புல்லு மேல வெள்ளையா உறைபனி. இது மட்டும் பூத்துக்கிட்டே இருக்கு." குளிர்நாட்டு மக்களுக்கு இந்தக் கடைசிப் பூக்களின்மேல் தனிப் பிரியம் உண்டு. சாமந்தியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவகை ஆஸ்டருக்கு இங்கிலாந்தில், செப்டம்பர் 29இல் வரும் புனித மிக்கேல் திருநாளின் பெயரையே வைத்துவிட்டார்கள். ஜப்பானில் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் சாமந்திக்கான திருநாள். நமக்கும் பனிக்காலப் பூ உண்டு. வேலியோரம் ஊதா நிறத்தில் பூக்கிற டிசம்பர் பூ. வாசனை கிடையாது, இருந்தாலும் பனி இறங்கும் மாதங்களில் அதைத் தொடுத்து வைக்காத தலை எங்கள் தெருவில் குறைவு.

இப்படிப் பூப்பதைத் துணிச்சல், பிடிவாதம் என்றெல்லாம் புகழக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பூவுக்குக் குளிரோடு ஒரு சண்டையும் கிடையாது. ஊரெல்லாம் பூத்தபோது அது பேசாமல் இருந்தது. இரவு நீண்டு வந்தது, மொட்டு வைத்தது.

நக்கீரரின் நெடுநல்வாடையிலும் இந்தக் காலம் வருகிறது. வாடை வீசும் கூதிர் நாளில் வெள்ளை முசுண்டையும் பொன்னிறப் பீர்க்கும் புதர்தோறும் பூத்துக் கிடக்கின்றன. அதே பாட்டில் இன்னொரு காட்சி. வானம் மூடிக் கிடப்பதால் மாலை எப்போது வந்தது என்று தெரியவில்லை. பறித்து வைத்த பிச்சி மொட்டு இதழ் அவிழ்ந்து மணக்கிறது. அதை வைத்துப் பொழுதறிந்து பெண்கள் விளக்கேற்றுகிறார்கள். முன்பெல்லாம் இந்த இடத்தை அழகு என்று மட்டும் படித்துக் கடந்திருக்கிறேன். கிணற்றடிக்குத் தொட்டியைத் தூக்கிப்போன பிறகு படித்தபோது சுருக்கென்றது. அவர்கள் பூ சொல்லி விளக்கேற்றினார்கள். நான் விளக்கேற்றிப் பூவைக் கலைத்திருந்தேன்.

படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்று சைவ சித்தாந்தம் இறைவனுக்கு ஐந்து தொழில் சொல்லும். சிறுவயதில் நான்காவதைக் கேட்டாலே எனக்கு மனக்குறையாக இருக்கும். சாமி ஏன் மறைக்க வேண்டும்? கூத்தப்பெருமானின் தூக்கிய திருவடி அருளலையும் ஊன்றிய திருவடி மறைத்தலையும் குறிக்கும் என்பார்கள். மார்கழித் திருவாதிரைக் கூட்டத்தில் எக்கி எக்கித் தூக்கிய திருவடியையே பார்த்து வளர்ந்தேன். ஒரு பாதம் ஊன்றி நிற்பதால்தான் இன்னொன்று எழுந்திருக்கிறது என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் கண்ணில் பட்டது. அந்த மறைப்புக்குத் திரோதம் என்று பெயர். உயிர் பக்குவப்படும்வரை தன்னைக் காட்டிக்கொள்ளாமல் உள்நின்று பக்குவப்படுத்துகிற அதுவும் அருள்தான் என்பது பெரியோர் கருத்து.

அப்பா இறந்தபின் இரண்டு வருடம் எனக்குக் கோயிலில் ஒன்றும் நிகழவில்லை. கமண்டல நாகநதிக் கரையில் புத்திரகாமேட்டீஸ்வரர் சந்நிதியில் போய் நிற்பேன். தீபாராதனை ஆகும். கன்னத்தில் போட்டுக்கொள்வேன். உள்ளே ஒரு இலைகூட அசையாது. அதை நோய் என்று நினைத்து மருந்து தேடினேன். சொற்பொழிவு, பாராயணம், ராத்திரி ஒரு மணிவரை கைபேசியில் யாராவது ஒருவருடைய ஆன்மிகப் பேச்சு. காதில் ஏதாவது விழுந்துகொண்டே இருக்க வேண்டும், அது நின்றால் அப்பா இல்லாதது தெரிந்துவிடும். இப்போது நினைத்தால், அந்த இரண்டு வருடமும் எனக்கு நானே டியூப் லைட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

தறியில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நெய்ய நெய்யச் சேலை மடிக்கு முன்னால் இருக்கும் மரத்தில் சுருண்டுகொண்டே போகும். நெய்கிறவர் கண்முன் இருப்பது கொஞ்சம் துணிதான். காலையில் விழுந்த புட்டாவை மாலையில் பார்க்க முடியாது. எத்தனையோ நாள் உழைப்பு முழுச் சேலையாகக் கண்ணில் படுவது, அறுத்து இறக்கி விரிக்கிற அன்றைக்குத்தான். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். குழித்தறியின் விளிம்பில் கால் தொங்கப் போட்டுக்கொண்டு, "எப்படி வந்திருக்குன்னு ஒரு தடவ பிரிச்சுப் பாக்கலாம்பா" என்று கேட்டேன். அப்பா நாடாவை நிறுத்தாமலே சொன்னார்: "பிரிச்சா பாவு தளர்ந்துடும்டா. இருக்கட்டும்."

கிணற்றடிக்குப் போன சாமந்தி மார்கழி பாதியில் மொட்டுக் கட்டியது. மிளகளவு, பச்சை நிறம், தடவிப் பார்த்தால்தான் தெரியும். அந்த நாட்களில் தறிவேலை முடிந்ததும் விளக்கணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதனருகே உட்கார ஆரம்பித்தேன். கைபேசி உள்ளேயே இருக்கும். முதல் சில நாள் பத்து நிமிடம் இருக்க முடியவில்லை. பிறகு பனி தலையில் இறங்குவது தெரிந்தது. பக்கத்துத் தெருவில் கடைசித் தறி ஓய்வது தெரிந்தது. அப்பா இல்லாததும் தெரிந்தது, அது அங்கேயே இருந்தது, நானும் இருந்தேன்.

தை அமாவாசையன்று முதல் பூ விரிந்திருந்தது. தர்ப்பணம் முடித்து வந்து அதைக் காம்போடு கிள்ளி அப்பா படத்தின் முன் வைத்தேன். இலையின் கசந்த மணம் சாயங்காலம் வரை விரலில் இருந்தது.

இந்த ஆண்டு ஆடியிலேயே தொட்டி கிணற்றடிக்குப் போய்விட்டது. தெருவில் புதிதாக வந்த விளக்கு கொல்லை வரை எட்டுகிறது. அதனால் பொழுது சாய்ந்ததும் கொடியில் ஒரு பழைய கோணியைத் தொங்கவிடுகிறேன். நேற்று ஆயா எட்டிப்பார்த்து, "எத்தினி மொட்டு கண்ணு?" என்று கேட்டார்.

"எண்ணல ஆயா" என்றேன்.