கறிச் சுவைக்காக மாண்ட எலிகள்

மாட்டைக் கொல்லாமலே மாட்டிறைச்சியின் சுவையை மக்களுக்கு அளித்தல் வேண்டும் என்னும் நோக்குடன், அமெரிக்க நாட்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் பாட்ரிக் பிரௌன் 2011-ஆம் ஆண்டில் ‘இம்பாசிபிள் ஃபுட்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். இறைச்சிக்குத் தனிச்சுவை தருவது ‘ஹீம்’ என்னும் இரும்பு கலந்த பொருள். அது சோயாச் செடியின் வேர்முடிச்சுகளிலும் உண்டு. அச்செடியின் மரபணுவை ஈஸ்டில் புகுத்தி அப்பொருளைப் பேரளவில் விளைவித்தனர். அதனைத் தாவரப் புரதத்துடன் கலந்து செய்த அடையை, 2019 ஆகஸ்டு முதல் ‘பர்கர் கிங்’ துரித உணவுக் கடைகள் ரொட்டியினிடையே வைத்து அமெரிக்கா முழுவதும் விற்கலாயின.

இவ்வுணவின்மேல் இரண்டு குறைகள் கூறப்பட்டன. இறைச்சி சுடும் அதே அடுப்பில் சுடுவதால் கொழுப்பு ஒட்டுகிறது என்று, புலால் உண்ணாத ஒருவர் 2019 நவம்பரில் வழக்குத் தொடுத்தார். மற்றக் குறையை எழுப்பியது ‘பீட்டா’ அமைப்பு. ஹீம் தீங்கற்றது எனக் காட்டும் பொருட்டு 188 எலிகளுக்கு உணவூட்டிச் சோதனை நடத்தி, முடிவில் அவற்றைக் கொன்றனர். சட்டம் அதனைக் கட்டாயமாக்கவில்லை என்பது பீட்டாவின் வாதம். பிரௌன் இதனை மறைத்தாரல்லர். 2017-இல் தாமே எழுதி வெளியிட்டார்.

இவற்றுள் எது பெரிது? தனக்கெனக் கொல்லப்பட்டதாகக் கண்டதும், கேட்டதும், ஐயுற்றதுமான ஊனைப் பிக்கு ஏற்றல் ஆகாது என்பது புத்தர் வகுத்த விதி. அவ்வளவுகோலை ஈண்டு வைத்துப் பாருங்கள். அடுப்பில் ஒட்டிய கொழுப்பு அருவருப்புத் தரலாம். அதனை முன்கூட்டியே அறிவிப்பது கடைக்காரர் கடன். ஆயினும் தாவர அடையைக் கேட்டவனுக்காக எந்த மாடும் மடியவில்லை. எலிகளோ இவ்வுணவுக்கென்றே, அறிந்தே, கொல்லப்பட்டவை.

கோடிக்கணக்கான மாடுகளைக் காக்க 188 எலிகள் மிகுதியா என்று கேட்பர். இக்கணக்கு எளிதில் தள்ளத்தக்கதன்று. புலாலை விடமாட்டாதவனை மாற்ற அவனுக்குப் பழகிய சுவையே வேண்டும் என்பதும் மெய்தான். ஆனால் காக்கப்படும் மாடுகள் எதிர்பார்ப்பு. மாண்ட எலிகள் நடந்துவிட்ட செயல். மேலும் இக்கணக்கை ஒருமுறை ஒப்புக்கொண்டால், அடுத்த புதுப்பொருளுக்கும் அதே கணக்கு ஆயத்தமாக நிற்கும்.

இன்று அவ்வடையை உண்பவன்மீது அக்கொலையைச் சுமத்த நான் துணியேன். அவன் தட்டுக்கென இன்று எலி எதுவும் சாகவில்லை. செய்வோரைத்தான் கேட்கவேண்டும். மனிதர் நெடுங்காலம் உண்டுவரும் பட்டாணி, கோதுமை, அவரை இவற்றாலும் இத்தகைய அடைகள் செய்யப்படுகின்றன. இறைச்சியின் மணம் சற்றுக் குறையும், அவ்வளவே.